விட்ட மீன் யார் கணக்கு?

ராகி மாவைக் கெட்டியாகப் பிசைந்து வேகவைத்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, தூண்டில் முள் வெளியே தெரியாதபடி பொதிந்து வைக்க வேண்டும். பரிசலில் ஏறி, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சுழித்து ஓடும் இடமாகப் பார்த்து வீசிவிட்டு, நரம்பை ஒரு விரலில் தாங்கியபடி உட்கார வேண்டும். பொடிக் கெண்டைகள் வந்து உருண்டையைக் கொறிக்கும். விரல் அதிரும். கண்டுகொள்ளக் கூடாது. பெரியது வந்தால் கொறிக்காது, ஒரே இழுப்பு. ரீல் கதறும். அப்புறம் அரை மணியோ ஒரு மணியோ, மீன் போகும் திசையில் பரிசலும் போகும்.

கடைசியில் களைத்துப்போன மீனைக் கரையோரம் கொண்டுவருவார்கள். வாயிலிருந்து முள்ளைக் கழற்றி, எடை பார்த்து, படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஓட்டத்துக்கு எதிராக அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வால் அசையும்வரை தாங்கியிருந்து, கையை எடுத்துவிடுவார்கள். மீன் போய்விடும். மனிதர்கள் முகாமுக்குத் திரும்பி, எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டோம், என்ன மீன், எத்தனை பவுண்டு என்று குறித்துவைப்பார்கள்.

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், கர்நாடகக் காவிரியின் கரைக் காட்டுக்குள் இருக்கும் காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை இப்படிச் சேர்ந்த குறிப்புகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்தார்கள். 23,620 மணி நேரத் தூண்டில். 6,161 மாசீர் மீன்கள். மிகச் சிறியது அரைக் கிலோவுக்கும் கீழே; மிகப் பெரியது 46.8 கிலோ. அந்த முகாமின் விதிப்படி பிடித்ததெல்லாம் ஆற்றுக்கே திரும்ப வேண்டும். குழம்புக்கு எதுவும் கிடையாது.

பசிக்காகப் பிடிக்கவில்லை, விற்கப் பிடிக்கவில்லை. 6,161 முறை ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தி, மூச்சு வாங்க வைத்து, பிறகு அன்போடு வழியனுப்பியிருக்கிறார்கள். இது கருணையா, வேடிக்கையா? இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அந்தக் குறிப்பேடு மட்டும் இல்லாமல் போயிருந்தால், காவிரியின் மிகப் பெரிய மீன் அழிந்துகொண்டிருக்கும் சேதி நமக்கு எப்போது தெரிந்திருக்கும்?

சுவரில் மாட்டிய காலம்

மாசீர் நம் கெண்டை இனத்துக் கூட்டம்தான். உள்ளங்கை அகலச் செதில், தடித்த உதடு, எதிர்நீச்சலுக்கென்றே செய்த உடம்பு. காவிரிப் படுகைக்கே உரிய மாசீருக்குத் தலைக்குப் பின்னால் முதுகு மேடிட்டுத் திமில்போல் எழுந்திருக்கும், துடுப்புகள் செம்மஞ்சள். திமில் மாசீர் என்றே இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இந்த மீன் தண்ணீருக்குள் இருக்கும் புலி. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அதில் முக்கால் மரியாதை மாசீருக்குத்தான். அடுத்து வந்தவர்கள் துப்பாக்கியும் தூண்டிலும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தார்கள். 1946-ல் டி வெட் வான் இங்கன் என்பவர் மைசூர்ப் பக்கம் பிடித்த மாசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. இன்றைக்கும் தூண்டில்காரர்கள் அந்த எண்ணைத்தான் சாதனையாகச் சொல்கிறார்கள். வான் இங்கன் குடும்பத்தின் தொழில் என்ன தெரியுமா? செத்த புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்து மகாராஜாக்களின் சுவருக்கு அனுப்புவது. பிடித்த மீனை விடுவதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சே அந்தக் காலத்தில் எழவில்லை. பெரிய மீனுக்குரிய இடம் சுவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் மங்கியது. காவிரியில் இனிப் பெரிய மாசீர் இல்லை என்றே வெளியுலகம் நினைத்திருந்தபோது, 1977-ல் இங்கிலாந்திலிருந்து மூன்று இளைஞர்கள் உலகம் சுற்றும் தூண்டில் பயணமாக வந்து, இன்னும் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார்கள். அதன்பின் வெளிநாட்டுப் பணம் வந்தது. பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கமும், குடகுச் சங்கமும், கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் ஆற்றின் ஒவ்வொரு பகுதியில் முகாம் நடத்தின. பிடித்ததை விட வேண்டும் என்ற விதி அவற்றோடு வந்தது. வெடி போட்டும் வலை விரித்தும் பழகியிருந்த உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு அங்கேயே வழிகாட்டி வேலை கிடைத்தது. எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த மாதம் மீன் படுக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? உயிரோடு இருக்கும் மீன் வருஷா வருஷம் சம்பளம் தந்தது.

இந்த யோசனையின் ஊற்று அமெரிக்காவில். லீ வுல்ஃப் என்ற தூண்டில் எழுத்தாளர் 1930களின் கடைசியில் சொன்னதன் சாரம் இது: நல்ல விளையாட்டு மீன் ஒரே ஒரு தடவை மட்டும் பிடிபட்டு முடிந்துபோகும் அளவுக்கு மலிவானதல்ல. 1952-ல் மிச்சிகன் மாநிலம் ட்ரவுட் ஓடைகளில் இதை விதியாக்கிப் பார்த்தது. ஆற்றில் மீனை வளர்த்து வளர்த்து விடும் செலவு குறையும் என்பது கணக்கு. நெறி என்ற பெயர் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது.

தாத்தாவும் சுவிட்சர்லாந்தும்

நான் கொள்ளிடக்கரைப் பையன். எனக்குத் தூண்டில் என்றால் மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் வெட்டிய தக்கை, வாழைக்கொல்லையில் தோண்டிய மண்புழு. ஒரு கோடை விடுமுறையில், எட்டோ ஒன்பதோ வயதிருக்கும், வாய்க்காலில் ஒரு கெண்டைக்குஞ்சு மாட்டியது. விரல் நீளம்தான். அது வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கச் சகிக்காமல் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டேன். பாராட்டுவார் என்று நினைத்துத் தாத்தாவிடம் சொன்னேன்.

"பாவம் பாக்குறவன் எதுக்குடா புழுவ முள்ளுல குத்துன? புழு பாவம் இல்லியா?" என்றார். நான் விழித்தேன். "திங்கிறதுக்குப் புடி. இல்லன்னா கரையில சும்மா ஒக்காந்து காத்து வாங்கு. உசுர வெச்சு வெளயாடாத."

அவர் காய்ந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முப்பது வருஷம் கழித்து, சுவிட்சர்லாந்தின் விலங்கு நலச் சட்ட விதிகளைப் படித்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. திருப்பி விடும் எண்ணத்தோடு மீன் பிடிக்கப் போவது அங்கே குற்றம். உண்ணப் பிடிக்கலாம். சிறிய மீனோ, பிடிக்கக் கூடாத இனமோ தற்செயலாக மாட்டினால் விடலாம், விடவும் வேண்டும். ஆனால் விடுவதற்கென்றே பிடிக்கக் கூடாது. ஜெர்மனியின் 1972-ஆம் வருஷச் சட்டமும் சுற்றிவளைத்து இங்கேதான் வருகிறது: நியாயமான காரணம் இல்லாமல் ஒரு விலங்குக்கு வலியோ துன்பமோ தரக் கூடாது. சாப்பாடு நியாயமான காரணம். பொழுதுபோக்கு அல்ல.

கவனியுங்கள், ஒரே செயலுக்கு இரண்டு ஊரில் நேர் எதிரான பெயர். பெரிய மீனைக் கொன்று வீட்டுக்கு எடுத்துப்போனால் அமெரிக்கத் தூண்டில்காரர் முகம் சுளிப்பார். விட்டால் சுவிட்சர்லாந்து அதிகாரி கேள்வி கேட்பார்.

இந்தச் சட்டங்களின் அடியில் கிடப்பது ஒரு பழைய சந்தேகம்: மீனுக்கு வலிக்குமா? 2003-ல் எடின்பரோ பக்கத்து ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் லின் ஸ்னெடன் குழுவினர் வானவில் ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் ஊசியால் செலுத்தினார்கள். மீன்கள் தொட்டியின் தரையில் பக்கவாட்டில் ஆடின. சில உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு இரையைத் தொடவில்லை. மார்ஃபின் கொடுத்தபோது இந்த நடத்தை குறைந்தது. சேதத்தை உணரும் நரம்பு முனைகள் ட்ரவுட்டின் முகத்தில் இருப்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

மறுப்பவர்களும் சாதாரண ஆட்கள் அல்ல. வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரோஸும், ஆஸ்திரேலியாவின் பிரையன் கீயும் சொல்வது இது: வலியை 'உணர' மூளையில் ஒரு மேல்பட்டை வேண்டும்; மீனுக்கு அது கிடையாது; நீங்கள் பார்த்தது அனிச்சைச் செயல். நான் நரம்பியல் படித்தவன் இல்லை. ஆனால் உதட்டைக் கல்லில் தேய்க்கும் மீனை அனிச்சை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. பறவைக்கும் நம்மைப்போன்ற மேல்பட்டை கிடையாது. காக்கையின் புத்தியை யாராவது சந்தேகப்படுகிறோமா?

வலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தாத்தாவின் வாதம் முழுதாக நிற்கவில்லை. வலித்துச் சாவதா, வலித்துப் பிழைப்பதா என்று கேட்டால் மீன் எதைச் சொல்லும்? விட்ட மீன் பிழைக்கிறது என்றால்தான் இந்தக் கேள்விக்கே அர்த்தம். பிழைக்கிறதா?

ஒரு நிமிஷம் வெளியே

தூண்டில் பிடி மீனைத் திருப்பி விட்டபின் நடந்த சாவுகளைப் பற்றிய 274 ஆய்வு முடிவுகளை 2005-ல் பார்த்தோலோமியூ, போன்சாக் என்ற இருவர் தொகுத்தார்கள். சராசரியாக 100-க்கு 18 மீன் செத்திருந்தது. சராசரி ஏமாற்றும் எண். சில இடங்களில் கிட்டத்தட்ட எதுவும் சாகவில்லை. சில இடங்களில் பெரும்பாலானவை செத்தன. வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், முள் எங்கே மாட்டியது என்பது. உதட்டில் என்றால் பிழைக்கும். செவுளிலோ தொண்டைக்குள்ளோ போனால் கஷ்டம். உயிர் இரை போட்டால் மீன் விழுங்கிவிடும். விழுங்கினால் முள் ஆழத்துக்குப் போகும். நம் மண்புழு வசமாக மாட்டுகிறது பாருங்கள்.

இன்னொன்று காற்று. கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்ட சோதனையில் வானவில் ட்ரவுட்டுகளைக் களைக்கும்வரை துரத்தினார்கள். தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காதவற்றில் 12 சதவீதம் இறந்தன. 30 விநாடி வெளியே வைத்தவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். எல்லா மீனும் ட்ரவுட் அல்ல, ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தை யோசித்துப் பாருங்கள். போன் பாக்கெட்டில் இருக்கிறது; கை ஈரம்; நண்பனைக் கூப்பிட வேண்டும்; 'இன்னொண்ணு எடு, கண்ண மூடிட்டேன்.' போராடித் தசையெல்லாம் லாக்டிக் அமிலம் ஏறிக் கிடக்கும் மீனுக்கு, நூறு மீட்டர் ஓடி முடித்தவனின் தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்த கதைதான் அது. செத்தால் அங்கேயே சாகாது. நீந்திப் போகும். கையசைத்து வழியனுப்புவோம். மூன்று மணி நேரமோ மூன்று நாளோ கழித்து, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மடுவில் மல்லாக்கும்.

பழுத்த தூண்டில்காரர்கள் இதை அறிவார்கள். முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் கிளைமுள்ளைக் குறடால் நசுக்கிவிடுவார்கள்; சட்டென்று கழலும். காய்ந்த கையால் தொட மாட்டார்கள். மீன் மேலுள்ள வழுவழுப்புதான் அதன் தோலுக்குக் கவசம், அது உரிந்தால் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய நரம்பைப் போட்டு மணிக்கணக்காக விளையாட மாட்டார்கள். தடித்த நரம்பில் சீக்கிரம் இழுத்து முடிப்பார்கள். கோடையில் தண்ணீர் சூடேறினால் கழியை மடக்கிவிடுவார்கள், சூடான தண்ணீரில் உயிர்க்காற்று குறைவு. முள் ஆழத்தில் இருந்தால் நோண்டாமல் நரம்பை வாய்க்கருகில் அறுத்து விட்டுவிடுவார்கள். விடுவது இரக்கம் அல்ல, கைத்தொழில். கைத்தொழில் தெரியாத இரக்கத்தை நான் நம்புவதில்லை.

எதை விடுவது என்பதிலும் ஊரறிந்த புத்தி தலைகீழாக இருக்கிறது. 'குஞ்சை விடு, பெருசை எடு' என்றுதான் எல்லா ஆற்றங்கரையிலும் சொல்வார்கள். ஆனால் 30 கிலோ காட் மீன் ஒன்று இடும் முட்டை, தலா 2 கிலோ உள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. பெரிய மீன் என்பது பெரும்பாலும் பெரிய தாய். அதனால்தான் பல நாடுகளில் குஞ்சையும் விடு, கிழவியையும் விடு, நடுவில் உள்ளதைச் சாப்பிடு என்று இரண்டு பக்கமும் அளவு வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த விதிகளில் மீனையும் மனிதனையும் ஒருசேர நினைத்த விதி இதுதான்.

காப்பாற்றியது எதை?

காலிபோர் குறிப்பேட்டுக்குத் திரும்புவோம். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் அதை 2015-ல் வெளியிட்டபோது இரண்டு சேதி இருந்தது. முதலாவது இனிப்பு: மணிக்கு இத்தனை மீன் என்ற கணக்கு ஏறியிருந்தது. காவல் இருந்த இடத்தில் மீன் பெருகியிருக்கிறது. விடும் விதி பலித்துவிட்டது என்று தூண்டில்காரர்கள் மீசையை முறுக்கலாம்.

இரண்டாவது கசப்பு. பெருகியது வேறு மீன். அது நீலத் துடுப்பு மாசீர், கிருஷ்ணா படுகையின் சொந்தக்காரன். 1970களில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் ஒரு குஞ்சுப் பண்ணை வைத்து அந்த இனத்தைப் பெருக்கியது. மாசீர் அருகிவருகிறதே என்ற நல்லெண்ணம்தான். குஞ்சுகள் பல ஆறுகளுக்குப் போயின; காவிரிக்கும் வந்தன. காவிரியின் திமில் மாசீரோ, குறிப்பேட்டின் பக்கங்களில் அருகிக்கொண்டே வந்தது. மாட்டியவை வருஷத்துக்கு வருஷம் பெரியவையாக இருந்தன. சின்னது மாட்டுவது நின்றுகொண்டிருந்தது. கிராமத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை, திண்ணையில் கிழவர்கள் மட்டும் என்றால் என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான்.

வந்த மீன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முட்டையிட மேலேறும் மீனுக்கு 1934-ல் முடிந்த மேட்டூர் முதல் எத்தனை அணை, எத்தனை மணல் லாரி, எத்தனை வெடி. ஆனாலும் இந்தக் கதையின் நடுவில் ஒரு முரண் நிற்கிறது. ஒரே ஆற்றில் ஒருவர் கனிவோடு மீனை 'விட்டார்'; இன்னொருவர் கனிவோடு குஞ்சை 'விட்டார்'; இரண்டு விடுதலுக்கும் நடுவில் மண்ணின் மீன் ஒதுங்கிப்போனது.

அதைவிடக் கொடுமை, அந்த மீனுக்கு அப்போது சரியான அறிவியல் பெயர்கூடக் கிடையாது. பெயரில்லாததை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? 2018-ல்தான் விடை வந்தது. முதுமலையை ஒட்டி ஓடும் நம் மோயாற்றில் கிடைத்த மீன்களை வைத்து ஆராய்ந்து, மூணாறு மலையில் தோன்றி அமராவதியில் சேரும் பாம்பாற்றில் ஏற்கெனவே சின்ன மீனாக விவரிக்கப்பட்டிருந்த டார் ரேமதேவிதான் இந்தப் பூதம் என்று கண்டார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் கே.ரேமா தேவியின் பெயர் அது. அதே வருஷம் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. பெயர் சூட்டு விழாவும் அபாய அறிவிப்பும் ஒன்றாக நடந்தன.

அதற்குள் குறிப்பேடு மூடப்பட்டுவிட்டது. 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பதும், இரை வைத்து இழுப்பதும்கூட வேட்டைதான். காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் எப்படி அனுமதிப்பது? 2012-ல் முகாம்களில் தூண்டில் நின்றது. சட்டத்தின் எழுத்துப்படி சரி. தாத்தாவின் கணக்கிலும் சரி. ஆனால் ராத்திரியில் ஆற்றோரம் விளக்கோடு நடமாடிய ஆட்களும் அதோடு போனார்கள். அதன்பின் வெடியும் திருட்டு வலையும் கூடியதாக மாசீர் ஆர்வலர்கள் சொல்லிவருகிறார்கள். அவர்களே தூண்டில்காரர்கள் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் 2012-க்குப் பிறகு அந்தப் பகுதியில் மீனை எண்ணிய குறிப்பேடு அதுபோல் வேறு இல்லை. யானையை எண்ணுகிறோம், புலியை எண்ணுகிறோம். தண்ணீருக்குள் இருப்பதை முள் போட்டவன்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். திமில் மாசீரை இனி யாரும் விளையாட்டுக்குத் தொடக் கூடாது, விடுவதாக இருந்தாலும். ஆய்வுக்காகக் கட்டுப்பாட்டோடு பிடிப்பது வேறு. நீலத் துடுப்பைக் காவிரியில் மேற்கொண்டு கொட்டுவதை எந்த நல்லெண்ணத்தின் பெயராலும் செய்யக் கூடாது. ஜிலேபியோ? 1952-ல் இந்தியாவுக்குள் வந்து ஏரி குளம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட ஆப்பிரிக்க மீன் அது. அதைப் பிடித்துவிட்டு 'பாவம்' என்று திருப்பி விடுபவர் பக்கத்தில் உள்ள கெண்டைக்குத்தான் பாவம் செய்கிறார். மத்திய அரசு 2000-த்திலேயே வளர்க்கத் தடை போட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும், வீட்டுத் தொட்டி சின்னதாகிவிட்டதென்று ஏரியில் கொட்டப்படும் 'டேங்க் கிளீனர்' மீனுக்கும் இதே கதைதான். விடுவது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த மீன், எந்தத் தண்ணீர் என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

யாருடைய ஆறு

ஒகேனக்கல்லில் ஒரு பரிசல்காரரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவுங்க ஆயிரக்கணக்குல குடுத்துப் புடிச்சி வுட்டா பெரிய மனுசன். நாங்க கொழம்புக்குப் புடிச்சா திருடன். நல்லாக்கீது சார்."

பதில் சொல்ல முடியவில்லை. மீனைத் திருப்பி விடுவதற்கு ஒரு முன்தேவை இருக்கிறது: வயிறு நிறைந்திருக்க வேண்டும். வலை இழுத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இந்த விவாதமே விசித்திரம். தெற்கே பல ஆறுகளில் மாசீர் பிழைத்திருப்பதற்கு விளையாட்டுக்காரர்களுக்கு முன்பே வேறு காவல் இருந்தது. துங்கைக்கரையில் சிருங்கேரி, காவிரிக்கரையில் ராமநாதபுரா என்று கர்நாடகத்தில் கோயில் படித்துறைகளில் பொரியும் அரிசியும் தின்று கொழுத்த மாசீர்கள் கூட்டமாக மிதக்கும். அங்கே யாரும் முள் போட மாட்டார்கள். பிடிக்காமலேயே விட்ட மீன்கள் அவை.

பிடித்து விட்டவர் ஒருவர் நம்மிடமும் உண்டு. நாகப்பட்டினத்து நுளைப்பாடியின் அதிபத்தர், அறுபத்து மூவரில் ஒரு பரதவர். அன்றாடம் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். வலை வறண்டு, நாளுக்கு ஒரே ஒரு மீன் விழும் காலம் வந்தது. அந்த ஒன்றையும் விட்டார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைசியில் பொன் மீன் விழுந்தபோதும் விட்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆவணி மாதம் ஆயில்யத்தில் நாகை மீனவர்கள் இன்றும் கடற்கரையில் அந்தப் பொன் மீனை விடும் விழா எடுக்கிறார்கள். பசித்தவன் விட்டது அது. நிறைந்த வயிறோடு நாம் விடுவதை அந்தத் தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஆனால் ஒன்று மட்டும் உறைக்கிறது: அதிபத்தர் விட்ட மீனோடு படம் எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனையும் படித்துக் குறிப்பெடுத்து முடித்த கையோடு, போன மாசியில் ஊருக்குப் போயிருந்தபோது பழைய ஆசையில் கொள்ளிடத்துக்குப் போனேன். மூங்கில் கழி இல்லை. கடையில் வாங்கிய கழி. கிளைமுள்ளை நசுக்கிக்கொண்டேன். கையை நனைத்துக்கொண்டேன். இரைக்கு மட்டும் வேறு வழி தெரியாமல் அதே மண்புழு. வெயில் ஏறும் நேரத்தில் தக்கை முங்கியது. நல்ல கெண்டை, முக்கால் கிலோ வரும், வயிறு உப்பியிருந்தது. சினை. விட வேண்டிய மீன் என்றால் அதுதான். தண்ணீரைவிட்டு எடுக்காமல் வாயைப் பார்த்தேன். முள் தெரியவில்லை, நரம்பு தொண்டைக்குள் போயிருந்தது. நோண்டவில்லை. வாயருகே அறுத்தேன். ஓட்டத்துக்கு முகம் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வால் அசைந்தது. கையை எடுத்தேன். போயிற்று.

பத்தடி போய்த் திரும்பி மேலே வந்தது. ஒருக்களித்தது. மல்லாந்தது. வெள்ளை வயிறு வெயிலில் மின்ன, ஓட்டத்தோடு மெல்ல நகர்ந்தது. பருந்து ஒன்று மேலே வட்டமடித்தது. நான் முழங்காலளவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு இடுப்புவரை இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா கொல்லையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வைத்து ஆய்ந்தாள். சினையைத் தனியே கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். குடலை உருவும்போது விரல் நின்றது. நுனியில் நரம்புத் துண்டு தொங்கும் முள்ளைச் சொம்புத் தண்ணீரில் அலசி என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, ஒன் முள்ளு. பத்திரமா வை, புள்ளைங்க கால்ல குத்திரப் போவுது."